சொன்னதைச் செய்யப் பிள்ளைகளைப் பழக்குவது எப்படி?

மார்க் ஷீட் வந்த அன்று மாலை, "இனிமே தினமும் ரெண்டு மணி நேரம் படிப்பேன்" என்று பிள்ளை சொல்லும். மூன்றாம் நாள் புத்தகம் பையை விட்டு வெளியே வராது. "வாய்தான் நீளம்" என்று வீட்டில் பேச்சு எழும். சொன்னபோது பிள்ளை உண்மையாகத்தான் சொல்லியிருக்கும். கோளாறு பெரும்பாலும் சொன்ன சொல்லிலேயே இருக்கிறது: அளவு பெரிது, எப்போது என்று இல்லை, எதிலிருந்து தொடங்குவது என்று இல்லை. போதாக்குறைக்குத் திட்டு வாங்கும் நேரத்தில் சொன்னது.

4 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பொருந்தும்படி இதை எழுதியிருக்கிறோம். பள்ளியிலிருந்து வந்ததும் பையிலிருந்து டிஃபன் பாக்ஸை எடுத்து சிங்க்கில் வைப்பது என்ற ஒரே வேலையை எடுத்துக்கொண்டு, தொடக்கம் முதல் போவோம். இதை ஒருமுறை சரியாகச் செய்து பார்த்தவர்களுக்கு மற்ற வேலைகளில் அதிகம் சொல்ல வேண்டியிருக்காது.

முதலில்: எப்போது வாக்குக் கேட்கக் கூடாது

கோபத்தில் இருக்கும்போது கேட்காதீர்கள். பிள்ளை அழும்போதும் கேட்காதீர்கள். அப்போது வரும் "சரி, செய்யறேன்" திட்டை நிறுத்துவதற்கான பதில். அதை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. பிள்ளையே ஆவேசமாக ஏதாவது சொன்னாலும், "நாளைக்குச் சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்று தள்ளிப்போடுங்கள். மறுநாளும் அந்த எண்ணம் இருந்தால்தான் அது தொடங்கத் தகுந்தது.

சத்தியம் வாங்காதீர்கள். "அம்மா மேல சத்தியம்", "சாமி கண்ணைக் குத்தும்" என்பவை சின்னப் பிள்ளைகளிடம் வேறு மாதிரி வேலை செய்யும். பாக்ஸை எடுத்து வைக்க மறந்த ஆறு வயதுக் குழந்தை, அம்மாவுக்கு ஏதோ ஆகிவிடும் என்று இரவில் பயந்து கிடக்கும். அல்லது பயத்தில், செய்யாததைச் செய்ததாகச் சொல்லும். இரண்டுமே நமக்கு வேண்டாதவை.

வேலையைத் தேர்ந்தெடுப்பது

ஒரு நேரத்தில் ஒன்றுதான். அந்த ஒன்றுக்கும் நான்கு தகுதிகள் வேண்டும். தினமும் அல்லது குறித்த நாட்களில் வர வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். பிள்ளை யார் உதவியும் இல்லாமல் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். செய்தாயிற்றா இல்லையா என்று கண்ணால் பார்த்தே தெரிய வேண்டும். கடைசித் தகுதியில்தான் பெரும்பாலான வாக்குகள் தோற்கின்றன. "நல்லபடியா இருப்பேன்", "தம்பியோட சண்டை போட மாட்டேன்", "ஒழுங்கா படிப்பேன்" ஆகியவற்றில் செய்தது எது, செய்யாதது எது என்று இருவருக்கும் தெரியாது. மாலையில் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

4, 5 வயதுக்குச் செருப்பை ஸ்டாண்டில் வைப்பது, விளையாட்டுச் சாமான்களை ஒரு கூடையில் போடுவது போதும். 6 முதல் 8 வரை டிஃபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில். 9 வயதுக்கு மேல் டைம்டேபிள் பார்த்துப் பை அடுக்குவது, ஷூ பாலிஷ், மாடித் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர். படிப்பைத்தான் எடுக்க வேண்டும் என்றால் மணிக்கணக்கை விட்டுவிட்டு "மூன்று கணக்கு" என்று எண்ணிக்கைக்கு மாற்றுங்கள். மூன்று குறைவாகத் தோன்றும், தோன்றட்டும்.

சொல்லை உருவாக்குவது

"டிஃபன் பாக்ஸை தினமும் எடுத்து வைப்பேன்" என்பது பாதிச் சொல்தான். எது நடந்த உடனே, எங்கே, என்ன என்ற மூன்றும் வர வேண்டும்: "ஷூவைக் கழற்றினதும், அங்கேயே பையைத் திறந்து, டிஃபன் பாக்ஸை எடுத்துட்டுப் போய் சிங்க்கில் வைப்பேன்."

மணியோடு கட்டாமல், ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒரு செயலோடு கட்டுங்கள். "நாலரை மணிக்கு" என்றால் எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அது நேரமே இல்லை. வேன் தாமதமாக வந்தால் அதுவும் போச்சு. ஷூவைக் கழற்றுவது எந்த நாளும் நடக்கும். ஆகவே ஷூவே நினைவூட்டும்.

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இந்த வகைத் திட்டத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்ட மதிப்பாய்வில், "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் வெறுமனே "செய்வேன்" என்று நினைத்தவர்களைவிடத் தெளிவாக அதிகம் செய்து முடித்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகளிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். 1970-களில் ஷார்லட் பேட்டர்சனும் வால்டர் மிஷலும், ஒரு சலிப்பான வேலையில் இருக்கும் மழலையர் பள்ளிப் பிள்ளைகளைப் பேசும் கோமாளிப் பெட்டி ஒன்று விளையாடக் கூப்பிடும்படி வைத்தார்கள். பெட்டி கூப்பிட்டால் அதனிடம் என்ன சொல்வது என்று முன்பே கற்றுக்கொண்ட பிள்ளைகள் வேலையில் கூடுதல் நேரம் நின்றார்கள்.

கோமாளிப் பெட்டி நம் வீட்டில் டிவி. ஆகவே ஒரு தடையையும் முன்பே பேசிவிட வேண்டும். பேச்சு இப்படிப் போகலாம்:

"ஷூ கழட்டினதும் என்ன செய்யப் போறே?"

"பாக்ஸை எடுத்து வைப்பேன்."

"எங்கே?"

"சிங்க்ல."

"நீ வர்றப்ப தம்பி கார்ட்டூன் பார்த்துட்டு இருந்தா?"

"... நானும் பார்ப்பேன்."

"பாரு. பாக்ஸு?"

"பாக்ஸை வெச்சிட்டு வந்து பார்ப்பேன்."

பிள்ளை தன் வாயால், தன் சொற்களில் சொல்ல வேண்டும் என்பதே இதில் முக்கியம். நாம் வாக்கியத்தைச் சொல்லி "சரியா?" என்று கேட்டு, அது "ம்" என்றால் அது நம்முடைய வாக்கு. தடை ஒன்று போதும். மழை பெய்தால், கரண்ட் போனால், மாமா வந்தால் என்று அடுக்கினால் பிள்ளைக்கு எதுவும் நிற்காது.

இடத்தைச் சரிசெய்வது

இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பையைப் பிள்ளை தோளில் மாட்டி வாசலில் நிறுத்துங்கள். ஷூவைக் கழற்றி, பையைத் திறந்து, சிங்க் வரை நடந்து வைக்கச் சொல்லுங்கள். மூன்று முறை. எங்கே தடுக்குகிறது என்று அப்போது கண்ணுக்குத் தெரியும்: பாக்ஸ் நோட்டுகளுக்கு அடியில் சிக்கியிருக்கும், பையின் ஜிப் பாதியில் நிற்கும், சிங்க் எட்டாது, அடுப்படியில் நிற்பவர் "இப்ப உள்ளே வராதே" என்பார். டிஃபன் பாக்ஸுக்குப் பையில் தனி அறை, சிங்க்குக்கு முன்னால் ஆடாத முக்காலி, அது சரிப்படாவிட்டால் சமையலறை வாசலிலேயே ஒரு பிளாஸ்டிக் டப் வைத்து "டப்பில் வைப்பேன்" என்று சொல்லை மாற்றுவது. இந்த மூன்றில் ஒன்று எந்த வீட்டிலும் வேலை செய்யும்.

கழுவுவதை இப்போதே சேர்க்காதீர்கள். காய்ந்துபோன சாம்பார் சாதத்தைத் தேய்ப்பது தனி வேலை. அதற்கு இரண்டு மாதம் கழித்து வரலாம்.

நினைவூட்டுவதும் நிறுத்துவதும்

முதல் மூன்று நாள் பக்கத்தில் இருங்கள். ஆனால் "பாக்ஸை எடு" என்று சொல்லாதீர்கள். "ஷூ கழட்டியாச்சு, அடுத்து?" என்று கேட்டு நிறுத்துங்கள். நான்காம் நாளிலிருந்து வாய் வேண்டாம். ஷூ ஸ்டாண்டுக்கு மேலே, பிள்ளையே வரைந்த பாக்ஸ் படம் ஒன்றை ஒட்டி, தேவைப்பட்டால் அதைக் கையால் காட்டுங்கள். இரண்டாம் வாரத்திலிருந்து அதுவும் இல்லை.

இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் கெடுகிறது. தினமும் அம்மா குரல் கொடுத்து, குரல் கொடுத்த பிறகு பிள்ளை செய்தால், பிள்ளையின் மனதில் அந்த வேலை ஷூவோடு சேர்வதில்லை. அம்மாவின் குரலோடு சேர்கிறது. நான்காவது முறை கத்தும்போதுதான் எழுந்தால், நான்காவது கத்தல்தான் அதற்குத் தொடக்க மணி. ஆகவே வாயை மூடிக்கொண்டிருக்க ஒரு வழி வேண்டும். சரிபார்க்கும் நேரம் ஒன்றை முன்பே சொல்லி வையுங்கள்: "ராத்திரி சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கறதுக்கு முன்னாடி பார்ப்பேன்." அதுவரை பாக்ஸ் பையிலேயே கிடந்து நாறினாலும் பேசாதீர்கள். அந்த நேரத்தில் வைக்கப்படாமல் இருந்தால் அப்போது பிள்ளை எடுத்து வைக்க வேண்டும். தண்டனை கிடையாது, வசவும் கிடையாது. வேலை மட்டும் அதன் கையாலேயே நடக்க வேண்டும்.

பாட்டி இருக்கும் வீட்டில் இன்னொன்று: குழந்தை களைத்து வருகிறதே என்று பாட்டி பாக்ஸை எடுத்துக் கழுவியே வைத்துவிடுவார். "நீங்க செய்யாதீங்க அத்தை" என்று தடுத்தால் வருத்தம்தான் மிஞ்சும். சரிபார்க்கும் பொறுப்பையே பாட்டியிடம் கொடுத்துவிடுங்கள். பார்க்கும் ஆள் தான்தான் என்று ஆனபின், தானே எடுத்து வைக்க அவருக்கு மனம் வராது.

"என்ன ஆச்சு?" என்று கேட்பது

சொல்வதும் செய்வதும் பிள்ளைகளிடம் இயல்பாகவே ஒட்டி வருவதில்லை, ஒட்டவைக்க வேண்டியிருக்கிறது என்பதை டாட் ரிஸ்லியும் பெட்டி ஹார்ட்டும் 1968-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கான்சாஸில் மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம், "இன்ன பொருளை வைத்து விளையாடினேன்" என்று சொன்னாலே தின்பண்டம் கொடுத்தார்கள். சொல் பெருகியது; விளையாட்டு மாறவில்லை. சொன்னது உண்மையாக இருந்தால் மட்டுமே கிடைக்கும் என்று மாற்றியபின் பிள்ளைகளின் செயலும் மாறியது.

"செய்வேன்" என்று சொன்ன உடனேயே "என் தங்கம்!" என்று கொஞ்சித் தீர்த்துவிட்டால், பிள்ளைக்குக் கிடைக்க வேண்டியது அப்போதே கிடைத்துவிடுகிறது. கொஞ்சலை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வேன் ஏறும்முன் ஒரு கேள்வி: "வந்ததும் என்ன?" இரவு சாப்பிடும் முன் ஒரு கேள்வி: "என்ன ஆச்சு?" பாராட்டு, சொல்லும் நடப்பும் பொருந்தியதற்குப் போக வேண்டும். "இல்லம்மா, மறந்துட்டேன்" என்று பிள்ளை சொன்னால் அதுவும் பொருந்திய சொல்தான். "மறந்ததை நீயே சொன்னியே, சரி. இப்ப வெச்சுட்டு வா" என்றால் போதும்.

பாக்ஸ் பையில் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்து, "பாக்ஸ் எடுத்து வெச்சியா?" என்று கேட்பது பொறி வைப்பது. பயந்த பிள்ளை "வெச்சேன்" என்றுதான் சொல்லும். மறதியோடு பொய்யும் சேரும். தெரிந்திருந்தால் தெரிந்ததைச் சொல்லுங்கள்: "பாக்ஸ் இன்னும் பையிலேயே இருக்கு."

குறித்து வைப்பது

மளிகைக் கடையில் கொடுக்கும் மாதக் காலண்டர் போதும். செய்த நாளுக்கு டிக், இரவில் செய்ததற்கு வட்டம், செய்யாத நாள் வெற்று. பேனா பிள்ளையின் கையில். வருகிறவர்கள் பார்க்கும் ஹாலில் மாட்ட வேண்டாம். பீரோ கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். சித்தியிடம் போனில், பிள்ளை காதுபட, "ரெண்டு நாள்தான் செஞ்சான்" என்று சொல்வது ஒரு வார வேலையை அழித்துவிடும். அத்தை மகளோடு ஒப்பிடுவது பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை.

முதல் இரண்டு வாரத்தில் பத்துப் பள்ளி நாட்கள் வரும். அதில் ஆறு, ஏழு டிக் நல்ல தொடக்கம். "21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்" என்று எல்லோரும் சொல்வதை நம்பி 22-ஆம் நாள் ஏமாற வேண்டாம். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பெரியவர்களை வைத்து நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், ஒரு செயல் தானாக வரத் தொடங்க எடுத்த காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 முதல் 254 வரை போயிற்று. நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிதாக எதுவும் கெடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. பெரியவர்களுக்கே இரண்டு மாதம் என்றால், ஒரு பருவம் முழுக்கப் பொறுத்திருப்பது நியாயம்தான்.

பரிசு? நாளுக்குப் பத்து ரூபாய் என்று தொடங்கினால் மூன்றாம் வாரம் இருபது கேட்கும். ஞாயிறு காலை பூரியா தோசையா என்று முடிவு செய்யும் உரிமை போன்றவை தாராளம். ஆனால் பிள்ளை ஏற்கெனவே ஆசையாகச் செய்யும் காரியத்துக்குப் பரிசு பேசாதீர்கள். மார்க் லெப்பரும் உடனிருந்தவர்களும் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், வரைவதில் விருப்பமுள்ள பிள்ளைகளிடம் வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்பே சொல்லிவிட்டு, வரைந்ததும் அதைக் கொடுத்தார்கள். பிறகு சும்மா விட்டபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தார்கள்.

தொடர்ந்து தவறினால்

மூன்று நாள் தொடர்ந்து வெற்றாக இருந்தால் பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் சொல்லைப் பாருங்கள். பசி அடிக்கடி காரணமாக இருக்கும். நாலரைக்குப் பசியோடு வரும் பிள்ளைக்குப் பாக்ஸ் நினைவுக்கு வராது. "வெச்சாத்தான் பால்" என்று பிடித்து வைக்க வேண்டாம், தொடக்கத்தை இடம் மாற்றுங்கள்: "பால் குடிச்ச டம்ளரை சிங்க்கில் வைக்கும்போது பாக்ஸையும் வைப்பேன்." டியூஷன் இருக்கும் நாளில் நேராக அங்கே போகிறது என்றால் அந்த நாளுக்குத் தனிச் சொல் வேண்டும். சனி, ஞாயிறு, காலாண்டு விடுமுறைக்கு வாக்கு இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முதல் நாள், மறுபடி மூன்று நாள் பக்கத்தில் நின்று தொடங்க வேண்டும்.

சொல்லை மாற்றப் பிள்ளைக்கு உரிமை உண்டு, ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும். செவ்வாய் மாலை ஷூவைக் கழற்றிக்கொண்டே "இன்னைக்கு வேணாம்மா" என்பது மாற்றம் ஆகாது.

பல மாதங்களாக வீட்டிலும் பள்ளியிலும் ஒரே மாதிரி மறதி, பொருட்களைத் தொலைப்பது, தொடங்கியதைப் பாதியில் விடுவது என்று இருந்தால், காலண்டரை வைத்துப் போராடாமல் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். கவனக் குறைபாடு இருக்கும் பிள்ளைக்கு இந்த முறைகள் உதவும். இவை மட்டும் போதாது.

போன்: "இன்னும் அஞ்சு நிமிஷம்"

டிஃபன் பாக்ஸில் பழகிய பிள்ளையும் இதில் தவறும். காரணம் எளிது: ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானே ஓடுகிறது. நிறுத்த ஒரு விளிம்பே இல்லை. ஐந்து நிமிடம் எப்போது முடிந்தது என்று பெரியவர்களுக்கே தெரிவதில்லை.

முதலில் தானாக அடுத்த வீடியோ ஓடும் வசதியை அணையுங்கள். பிறகு நிமிடத்தை விட்டு எண்ணிக்கைக்கு மாறுங்கள்: "ரெண்டு வீடியோ", "ஒரு மேட்ச்". எவை என்று தொடங்கும் முன்பே பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். குட்டி வீடியோக்கள் வரிசையாக ஓடும் பகுதியை இந்தக் கணக்கில் சேர்க்கவே முடியாது, அதை விலக்கிவிடுங்கள். முடிந்ததும் போன் போக வேண்டிய இடத்தையும், அதற்கடுத்து என்ன என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்: "ரெண்டாவது முடிஞ்சதும் டிவி மேல வெச்சிட்டு, கீழே சைக்கிள் ஓட்டப் போவேன்." அடுத்தது எதுவும் இல்லாத பிள்ளைதான் போனை விடாது.

நீங்களும் இதில் கட்டுப்பட்டவர். ஒரு மேட்ச் என்று ஒப்புக்கொண்டால் மேட்ச் முடியும்வரை பிடுங்கக் கூடாது. அவசரம் வந்து வாங்க வேண்டியிருந்தால், "பாதியில வாங்கிட்டேன், மீதி நாளைக்கு உண்டு" என்று சொல்லி, நாளை கொடுத்துவிடுங்கள்.

பெரியவர்களின் சொல்

செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளரும் சகாக்களும் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2013-இல் வெளியானது. ஒரு பாதிப் பிள்ளைகளுக்கு, வரைவதற்கு இன்னும் நல்ல பொருட்கள் கொண்டுவருவதாகச் சொன்ன பெரியவர் கொண்டுவந்தார். மறுபாதிக்கு "தப்பாச் சொல்லிட்டேன், வேற எதுவும் இல்லை" என்று வெறுங்கையோடு திரும்பினார். பிறகு, இப்போதே தின்றால் ஒரு மிட்டாய், காத்திருந்தால் இரண்டு என்று சொன்னபோது, முதல் பாதி சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தது. மறுபாதி மூன்று நிமிடம்தான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்குப் போக முடியாது என்று வெள்ளிக்கிழமையே தெரிந்தால் வெள்ளிக்கிழமையே சொல்லிவிடுங்கள். "கடைக்குப் போலாம் வா" என்று ஏமாற்றி ஊசி போடக் கூட்டிப் போகாதீர்கள். அழுகை அன்று கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். காலண்டரில் பெற்றோருக்கும் ஒரு வரிசை வைப்பது நல்லது: "ராத்திரி படுக்கும்முன் ஒரு கதை" என்று அப்பா சொல்லியிருந்தால் அதற்கும் டிக், வட்டம், வெற்று. குறிப்பது பிள்ளை. அப்பாவின் வரிசையில் வெற்று நிறைய வரும் வீட்டில் மேலே சொன்ன எதுவும் நிற்காது.

இரண்டாவது வாக்கும், நீண்ட வாக்கும்

பத்துப் பள்ளி நாட்களில் எட்டு, யாரும் வாய் திறக்காமல் நடந்துவிட்டால் இரண்டாவது வேலையைச் சேர்க்கலாம். அதற்கும் ஞாயிறு ஒத்திகையிலிருந்து தொடங்க வேண்டும். முதலாவதைக் காலண்டரில் குறிப்பதை நிறுத்தலாம், மாதத்துக்கு ஒருமுறை "பாக்ஸ் எப்படிப் போகுது?" என்று கேட்டால் போதும்.

கராத்தே, கீபோர்டு, வீணை போன்றவை வேறு வகை. ஆசைப்பட்டுச் சேர்ந்து, மூன்றாம் வாரம் "போகலை" என்று நிற்கும் பிள்ளைகள் ஏராளம். பணம் கட்டும் முன்பே முடிவுத் தேதி பேச வேண்டும்: "தீபாவளி வரைக்கும் போவேன். அப்புறம் வேணுமா வேண்டாமான்னு சொல்வேன்." முதல் முறைக்கு மூன்று மாதத்துக்கு மேல் வாங்காதீர்கள். இடையில் வாத்தியார் திட்டிய நாளிலும், போட்டியில் தோற்ற நாளிலும் விடுவது பற்றிப் பேச்சே எடுப்பதில்லை என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அடியோ உடல்வலியோ மோசமான நடத்தையோ இருந்தால் மட்டும் எந்த நாளும் நிறுத்தலாம். தீபாவளி வந்ததும் நீங்களே கேளுங்கள். "வேண்டாம்" என்றால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். கட்டிய பணத்தை அப்புறம் எந்தச் சண்டையிலும் எடுக்காதீர்கள். தீபாவளி வரை என்று சொன்னது, தீபாவளி வரை போனது. அந்த வரிசைக்குக் கடைசி டிக்கையும் பிள்ளையே போடட்டும்.